அந்நியரைக் கெர்னலுக்குள் அழைத்த இயங்குதளங்கள்: தெரியுமா?

முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய புரோகிராமை வாங்கி, இயங்குதளத்தின் கெர்னலுக்குள்ளேயே ஏற்றி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு வேகத்தில் இயக்கலாம். அதில் எத்தனை பிழை இருந்தாலும் கெர்னலின் மெமரியில் ஒரு பைட்டைக்கூட அது அத்துமீறித் தொட முடியாது! 1995-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள், தெரியுமா? செய்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரையன் பெர்ஷாடும் அவருடைய மாணவர்களும் சகாக்களும். அவர்கள் கட்டிய இயங்குதளத்தின் பெயர் ஸ்பின். நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். கடையில் விற்கவில்லை, எந்த அலுவலகத்திலும் ஓடவில்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு துணிச்சலானது என்று புரிய, நம் கணினிக்குள் சாதாரணமாக நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கெர்னல் தனி, நாம் ஓட்டும் புரோகிராம்கள் தனி. நடுவில் பிராசஸரே எழுப்பிய ஒரு சுவர். கோப்பைத் திறக்கவோ, நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டை அனுப்பவோ, வங்கிக் கவுன்ட்டரின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சலானை நிரப்பி உள்ளே நீட்டுவதுபோல், கெர்னலிடம் விண்ணப்பம் போட வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிராசஸர் நிலை மாறி உள்ளே போக வேண்டும், கேட்டதைச் சரிபார்க்க வேண்டும், தரவைப் பிரதி எடுக்க வேண்டும், மறுபடி நிலை மாறி வெளியே வர வேண்டும். இரண்டு தனித்தனிப் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் செலவு இன்னும் பல மடங்கு.

ஸ்பின் குழு அளந்து சொன்ன கணக்கைப் பாருங்கள். 133 மெகாஹெர்ட்ஸ் டெக் ஆல்ஃபா இயந்திரம். அதே இயந்திரத்தில் டெக் நிறுவனத்தின் சொந்த யூனிக்ஸான ஓஎஸ்எஃப்/1 ஒரு சிஸ்டம் காலுக்கு எடுத்துக்கொண்டது 5 மைக்ரோவினாடி. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமின் மெமரி எல்லைக்குள் இருக்கும் சேவையை அழைத்தால் 845 மைக்ரோவினாடி. மைக்ரோகெர்னல் வகையைச் சேர்ந்த மாக்கில் அதே வேலைக்கு 104. ஸ்பின்னில், கெர்னலுக்குள் ஏற்றப்பட்ட வெளியார் நிரல் ஒன்று கெர்னலின் சேவையை அழைக்க ஆன நேரம்? 0.13 மைக்ரோவினாடி! சாதாரணமாக ஒரு பங்ஷனை அழைக்கும் செலவுதான். சுவரைத் தாண்டும் செலவே இல்லை, ஏனென்றால் அங்கே வன்பொருள் சுவரே இல்லை.

பிறகு எது காவல்? மொழி! ஸ்பின்னின் கெர்னலும் அதற்குள் ஏறும் வெளியார் நிரல்களும் எழுதப்பட்டது மாடுலா-3 என்ற மொழியில். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த டெக் ஆய்வகமும் ஒலிவெட்டியும் சேர்ந்து 1980-களின் கடைசியில் உருவாக்கிய மொழி அது. அதில் ஓர் எண்ணை எடுத்து "இது ஒரு மெமரி முகவரி" என்று சாதிக்க முடியாது. 10 இடங்கள் உள்ள வரிசையில் 11-ஆவது இடத்தைக் கேட்டால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியை மறுபடி தொட வழியே கிடையாது, ஏனென்றால் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு கார்பேஜ் கலெக்டருடையது. டைப்-சேஃப் மொழி என்பது இதுதான். மொழியின் இலக்கணத்துக்கு உட்பட்டு எழுதினால் பிறர் மெமரியைத் தொடும் வாக்கியத்தையே எழுத முடியாது. இலக்கணத்தை மீறினால் கம்பைலர் வாங்கவே வாங்காது.

இதிலிருந்து விளையும் ஓர் அழகைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. "இந்தப் பொருளைப் பயன்படுத்த இவருக்கு அனுமதி உண்டு" என்பதற்கான அத்தாட்சியைப் போலியாகச் செய்ய முடியாதபடி காப்பதற்காக, முந்தைய ஆய்வாளர்கள் தனி வன்பொருள்களையே வடிவமைத்தார்கள். ஸ்பின்னில் அந்த அத்தாட்சி வெறும் பாயின்டர். அவ்வளவுதான்! மாடுலா-3-இல் பாயின்டரைப் போலியாக உருவாக்க முடியாது என்பதால், கையில் பாயின்டர் இருக்கிறது என்றாலே யாரோ முறையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பல ஆண்டுக் கனவு ஒரு சாதாரண மாறிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, யாராவது சி மொழியில் ஒரு விஷ நிரலை எழுதி, "இது மாடுலா-3-இல் கம்பைல் ஆனது" என்று சொல்லி ஏற்றிவிட்டால்? நம்பகமான கம்பைலர் தன் கையொப்பத்தை இட்ட நிரலைத்தான் ஸ்பின் ஏற்கும். ஏற்றிய பிறகும் எல்லாக் கதவும் திறந்துவிடாது. எந்த நிரலுக்கு எந்தெந்த இடைமுகங்கள் கண்ணில் படலாம் என்பதை இணைக்கும் நேரத்திலேயே கெர்னல் தீர்மானிக்கும். பெயரே தெரியாத பங்ஷனை எப்படி அழைப்பது? முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நிரல் வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்திருந்தார்கள். எந்த நொடியிலும் இடையில் நிறுத்தினாலும் பாதகமில்லாத பங்ஷன்களுக்கென்று மொழியிலேயே தனி அடையாளம் சேர்த்தார்கள். அந்த அடையாளம் உள்ள நிரல் அளவுக்கு மீறி நேரம் எடுத்தால் கெர்னல் தயங்காமல் வெட்டிவிடலாம்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போய் என்ன செய்தார்கள் தெரியுமா? வீடியோ ஓட்டினார்கள்! வட்டிலிருந்து எடுத்த படச்சட்டங்களை வெளியே ஒரு புரோகிராமிடம் கொடுத்து, அது மறுபடி கெர்னலிடம் கொடுத்து, கெர்னல் நெட்வொர்க்குக்கு அனுப்பும் சுற்றுவழி ஸ்பின்னில் இல்லை. வீடியோ சர்வரே கெர்னலுக்குள் ஏறிய ஒரு நீட்சி. வட்டிலிருந்து வந்த தரவு நேரே நெட்வொர்க்குக்குப் போனது. ஒரே நேரத்தில் 15 வீடியோ ஓடைகள் போனபோது ஸ்பின்னும் ஓஎஸ்எஃப்/1-உம் நெட்வொர்க்கின் முழுக் கொள்ளளவையும் நிரப்பிவிட்டன. ஆனால் ஸ்பின் செலவிட்ட பிராசஸர் நேரம் மற்றதில் பாதிதான்.

1995 டிசம்பரில் கொலராடோ மலைகளில், காப்பர் மவுன்டன் என்ற இடத்தில் இயங்குதள ஆய்வாளர்களின் மாநாடு நடந்தது. ஸ்பின் கட்டுரை அங்கேதான் அரங்கேறியது. அதே மேடையில் எம்ஐடியின் டாசன் எங்லரும் ஃபிரான்ஸ் காஷூக்கும் எக்ஸோகெர்னல் என்ற வேறொரு புரட்சியை வைத்தார்கள். கெர்னலை முடிந்தவரை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு, எல்லாவற்றையும் புரோகிராமின் கையில் கொடுத்துவிடுவது அவர்கள் வழி. ஒரு பக்கம் "வெளியாரை உள்ளே அழை", மறுபக்கம் "உள்ளே இருப்பதை வெளியே அனுப்பு"! காஷூக்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

மொழியின் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1988 நவம்பர் 2. இணையம் அப்போது குழந்தை. ஃபிங்கர் என்றொரு சேவை, யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று சொல்வதற்கு. அதை நடத்திய சி நிரல், வரும் வரியை வாங்கி வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வருவது எவ்வளவு நீளம் என்று அது பார்க்கவே இல்லை. அன்று ஒரு புழு அதற்கு 536 பைட் அனுப்பியது. மிகுந்த 24 பைட், பங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற குறிப்பு இருந்த இடத்தின் மேல் வழிந்தது. நிரல் திரும்பிப் போனது புழுவின் நிரலுக்கு! ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் தடுமாறின. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ். இவரையும் நினைவில் வையுங்கள்.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடும் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சிறு அப்டேட். நிரல் 20 உள்ளீடுகளைத்தான் கையில் வைத்திருந்தது, புதிய விதி 21-ஆவதைக் கேட்டது. வரிசையின் எல்லைக்கு அப்பால் வாசித்தது. மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டபடி 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன! ஒரே ஒரு எல்லைச் சோதனை. மாடுலா-3 போன்ற மொழிகள் தாமாகவே செய்யும் சோதனை.

கெர்னலுக்குள் வெளியார் நிரலை விடுவது ஆபத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, டிரைவர் என்ற பெயரில் தினமும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மொழியின் காவல்கூட இல்லாமல்! 2003-இல் மைக்கேல் ஸ்விஃப்ட், ஹென்றி லெவி ஆகியோரோடு பெர்ஷாட் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போது பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று எடுத்துக்காட்டியது. ஸ்பின் ஏன் பிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஸ்பின்தான் முதல் முயற்சியா? இல்லவே இல்லை. 1970-களின் நடுவிலேயே கால்டெக்கில் பெர் பிரிஞ்ச் ஹான்சன், கான்கரன்ட் பாஸ்கல் மொழியில் சோலோ என்ற இயங்குதளத்தை எழுதி ஒரு பிடிபி-11/45 இயந்திரத்தில் ஓட்டினார். ஜெராக்ஸ் நிறுவனம் மேசா என்ற கண்டிப்பான மொழியில் பைலட் என்ற இயங்குதளத்தை எழுதியது. 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி அதன் மேல்தான் ஓடியது. பிறகு மேசாவுக்குக் கார்பேஜ் கலெக்டரைச் சேர்த்து சீடார் வந்தது.

சீடாரை நேரில் பார்த்த ஒருவர் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினார். பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த்! 1985-இல் சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் அவரும் யூர்க் குட்க்னெக்ட்டும் உட்கார்ந்து, மொழி, கம்பைலர், இயங்குதளம், எடிட்டர் எல்லாவற்றையும் இருவராகவே எழுதத் தொடங்கினார்கள். மொழிக்கும் இயங்குதளத்துக்கும் ஒரே பெயர்: ஓபெரான். ஓடிய இயந்திரமும் அங்கேயே கட்டியதுதான், சீரிஸ் என்று பெயர்.

ஓபெரானின் திரையைக் கொஞ்சம் அருகே போய்ப் பாருங்கள். ஐகான் இல்லை. கட்டளை டைப் செய்யத் தனி ஜன்னல் இல்லை. எல்லாம் எழுத்து. ஒரு கடிதத்தின் நடுவில் "எடிட்.ஓபன்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோப்பின் பெயரையும் எழுதி, அந்தச் சொல்லின் மேல் மவுஸின் நடுப் பொத்தானை அழுத்தினால் போதும், கோப்பு திறக்கும்! புள்ளிக்கு முன்னால் இருப்பது மாட்யூலின் பெயர், பின்னால் இருப்பது அதிலுள்ள கட்டளையின் பெயர். அந்த மாட்யூல் மெமரியில் இல்லையா? அந்த நொடியே ஏற்றப்பட்டு இயங்கும். நீங்கள் நேற்று எழுதிய மாட்யூலுக்கும் விர்த் எழுதிய மாட்யூலுக்கும் இயந்திரம் எந்த வித்தியாசமும் பார்க்காது. ஒரே மெமரி வெளி, ஒரே மொழி, எல்லாருக்கும் சம இடம். இயங்குதளம் எங்கே முடிகிறது, உங்கள் புரோகிராம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஒரு புரோகிராமருக்கு இதைவிடச் சுதந்திரமான வீடு கட்டப்பட்டதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு வியப்பு. 2013-இல், 79 வயதில், விர்த் ஓபெரானை மறுபடி எழுதினார்! பழைய பிராசஸர் சந்தையிலேயே இல்லை. என்ன செய்தார்? ஒரு மலிவான எஃப்பிஜிஏ பலகையை எடுத்து, அதற்குள் ஓடத் தானே ஒரு பிராசஸரை வடிவமைத்து, கம்பைலரை அதற்கேற்ப எழுதி, இயங்குதளத்தை அதன் மேல் ஏற்றினார். மின்சுற்றிலிருந்து எடிட்டர் வரை ஒரே மனிதர் விளக்கிச் சொல்லக்கூடிய கணினி! 2024 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார்.

ஓபெரானின் விதை எங்கெல்லாம் விழுந்தது என்று தொடர்ந்து போனால் மூச்சு வாங்குகிறது. பெல் ஆய்வகத்தின் ராப் பைக் அதைப் பார்த்து ஆக்மி என்ற எடிட்டரை எழுதினார். இடிஹெச்சில் விர்த்தின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் வாங்கியவர்களில் ஒருவர் ராபர்ட் கிரீஸ்மர். பைக், கிரீஸ்மர், யூனிக்ஸைப் படைத்த கென் தாம்சன், மூவரும் கூகுளில் சேர்ந்து 2009-இல் வெளியிட்டதுதான் கோ மொழி. அந்த கோ மொழியில் ஒரு முழுக் கெர்னலை எழுதினால் எப்படி இருக்கும் என்று எம்ஐடியில் மூன்று பேர் கேட்டார்கள். கோடி கட்லர், ஃபிரான்ஸ் காஷூக், ராபர்ட் மாரிஸ். ஆமாம், அதே காஷூக். அதே மாரிஸ்! 24 பைட் வழிந்ததால் இணையத்தை நிறுத்திய அன்றைய மாணவர், பேராசிரியராகி, அப்படி வழியவே முடியாத மொழியில் கெர்னல் எழுதிய குழுவில் இருக்கிறார்.

அந்தக் கெர்னலின் பெயர் பிஸ்கட். 2018-இல் வெளியான அதன் கட்டுரையை நான் மதிக்கக் காரணம், கும்பிடு போடாமல் கணக்கு போட்டதுதான். ஒரே வேலையைச் செய்யும் நிரல்பகுதிகளை கோ மொழியிலும் சி மொழியிலும் எழுதி ஒப்பிட்டார்கள். கோ 5 முதல் 15 சதவீதம் மெதுவு. கார்பேஜ் கலெக்டர் இடையில் புகுந்து வேலையை நிறுத்தும் என்று பயந்தார்களே, என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை ஓட்டியபோது மிக நீண்ட ஒற்றை நிறுத்தம் 115 மைக்ரோவினாடி. மறுபக்கத் தட்டில் என்ன இருந்தது? 2017-இல் லினக்ஸ் கெர்னலில் சரிசெய்யப்பட்ட, தாக்குபவர் தன் நிரலை ஓட்ட இடம் கொடுக்கும் 65 ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். அவற்றில் 40, கோ மொழியில் மறைந்தே போயிருக்கும், அல்லது தாக்குதலாக மாறாமல் கெர்னல் நின்றுபோவதோடு முடிந்திருக்கும்! 15 சதவீத வேகத்தைக் கொடுத்து இதை வாங்கலாமா என்று கேட்டால், வங்கிக்கும் மருத்துவமனைக்கும் நான் யோசிக்காமல் வாங்குவேன்.

மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் பிராசஸரின் பாதுகாப்புச் சுவரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு இயங்குதளம் ஓட்டியது, தெரியுமா? 2003-இல் ரெட்மண்டில் கேலன் ஹன்ட்டும் ஜிம் லாரஸும் தொடங்கிய சிங்குலாரிட்டி. எழுதியது சிங்#, அதாவது சி#-இலிருந்து வளர்த்த மொழி. அங்கே ஒவ்வொரு புரோகிராமும் தனி பிராசஸ்தான், ஆனால் பிரிப்பது கம்பைலரின் சோதனை. எல்லாமே ஒரே மெமரி வெளியில், பிராசஸரின் அதிகாரம் மிகுந்த நிலையிலேயே ஓடலாம். கெர்னலை ஒருமுறை அழைக்க லினக்ஸுக்கு 437 பிராசஸர் சுழற்சி, விண்டோஸுக்கு 627. சிங்குலாரிட்டிக்கு 80! வன்பொருள் சுவரை ஒவ்வொரு அடுக்காக மறுபடி போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்றும் அளந்தார்கள். வெப் சர்வர் மாதிரியான ஒரு சோதனையில் முழுச் சுவரின் விலை 37.7 சதவீதம். மொழி செய்யும் எல்லைச் சோதனைகளின் விலை 4.7 சதவீதம். பாதுகாப்பு என்றால் வேகம் போகும் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த வாதம் தலைகீழானது. பாதுகாப்பற்ற நிரலுக்குத்தான் வரி அதிகம் என்று அவர்கள் காட்டினார்கள்.

ஸ்பின் வெளியாரைக் கெர்னலுக்குள் அழைத்தது. சிங்குலாரிட்டியோ ஓடும் பிராசஸுக்குள் புது நிரலை ஏற்றவே கூடாது என்று முத்திரை வைத்தது. நீட்சி வேண்டுமா, தனி பிராசஸாக வா, செய்தி அனுப்பிப் பேசு. ஒரே நம்பிக்கையிலிருந்து எதிரெதிர் முடிவுகள்! செய்தி அனுப்பும் விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. ஒரு மெமரித் துண்டை அடுத்தவருக்கு அனுப்பிய நொடியே அது அனுப்பியவருடையது இல்லை. அதன் பிறகு தொட்டால் கம்பைலரே மறுத்துவிடும். அதனால் பிரதி எடுக்கவே வேண்டாம், கைமாற்றினால் போதும். ரஸ்ட் மொழி படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். ரஸ்ட் 1.0 வந்தது 2015-இல்.

கம்பைலரே பொய் சொன்னால்? இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. ஸ்பின் குழுவில் இருந்த எமின் குன் சிரர் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிமேரா என்ற திட்டத்தில், அன்றைய வணிக ஜாவா இயந்திரங்களின் சரிபார்ப்பு நிரல்களையே சோதித்து ஓட்டைகள் கண்டுபிடித்தார். இதற்கு 2010-இல் ஜீன் யாங்கும் கிறிஸ் ஹாப்லிட்ஸலும் கொடுத்த பதில் வெர்வ். கம்பைலரை நம்ப மாட்டோம், அது கக்கும் இயந்திர நிரலையே சோதிப்போம் என்றார்கள். வெர்வ் இயங்குதளத்தின் ஒவ்வோர் அசெம்பிளி கட்டளையும், கார்பேஜ் கலெக்டர் உட்பட, டைப் ஒழுங்கையும் மெமரி ஒழுங்கையும் மீறாது என்று கணிதமுறைப்படி, இயந்திரமே சரிபார்த்து நிரூபிக்கப்பட்டது. கடைசிக் கட்டளை வரை!

ஜெர்மனியின் எர்லாங்கனில் ஜாவாவில் ஒரு இயங்குதளம், ஜேஎக்ஸ். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஹாஸ்கல் மொழியில் ஒன்று, ஹவுஸ். இப்படிப் பட்டியல் நீள்கிறது. பணத்தை வைத்துப் பந்தயம் கட்டிய ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் ஓகேமல் மொழியில் வளர்ந்த மிராஜ் இயங்குதளம். 2015 பிப்ரவரியில் அதை வைத்து ஒரு சின்ன சர்வரைக் கட்டி, அதற்குள் 10 பிட்காயின்களின் ரகசியச் சாவியை வைத்து, இணையத்தில் திறந்துவிட்டு, "முடிந்தால் உடைத்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உலகத்துக்கே சவால் விட்டார்கள்! பின்யாட்டா என்று பெயர். 2017 கடைசியில் ஒரு பிட்காயின் 20,000 டாலரை நெருங்கியபோதும் காயின்கள் அசையவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, கடனாகக் கொடுத்தவர்களிடமே அவை பத்திரமாகத் திரும்பின. மேக் கணினியில் டாக்கர் பயன்படுத்தியிருக்கிறீர்களா? அதன் நெட்வொர்க் பகுதியில் பல ஆண்டுகள் மிராஜின் நிரல் ஓடியது.

மொழிச் சுவருக்கு விழுந்த பெரிய அடியையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு ஓட்டைகள் வெளியாயின. பிராசஸர் வேகத்துக்காக முன்கூட்டியே ஊகித்து ஓடும்போது, எல்லைச் சோதனையின் விடை வருவதற்கு முன்பே எல்லை தாண்டி எட்டிப் பார்த்துவிடுகிறது என்று ஸ்பெக்டர் காட்டியது. ஒரே மெமரி வெளிக்குள் ரகசியத்தைக் காக்க மொழி மட்டும் போதாது என்று குரோம் உலாவியின் ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆனால் மெல்ட்டவுன் உடைத்தது வன்பொருள் சுவரை! அதை அடைக்கப் போட்ட ஒட்டு, கெர்னலுக்குள் போய்வரும் செலவை இன்னும் கூட்டியது. ஒரே வாரத்தில் இரண்டு சுவர்களிலும் விரிசல். மெமரியைக் கெடுப்பதிலிருந்து மொழி இன்றும் முழுமையாகக் காக்கிறது. ரகசியத்தைக் காக்க வன்பொருள் திருந்த வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவே அந்த ஆய்வகக் கனவு ஓசையில்லாமல் நம் கைக்கு வந்துவிட்டது. லினக்ஸில் 2014 முதல் இருக்கும் இபிபிஎஃப், ஓடும் கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஏற்ற விடுகிறது. ஏற்றுமுன் ஒரு சரிபார்ப்பான் அந்த நிரல் போகக்கூடிய வழிகளையெல்லாம் நடந்து பார்த்து, எல்லை மீறும் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 1995-இல் சியாட்டிலில் கேட்ட கேள்விக்கு லட்சக்கணக்கான சர்வர்களில் ஓடும் பதில்! 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-இல் ரஸ்ட் மொழி கெர்னலுக்குள் காலடி வைத்தது. ஆண்ட்ராய்டில் புது நிரலை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, மெமரி பிழையால் வரும் ஓட்டைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது 2024-இல் 24 சதவீதத்துக்கு இறங்கியது என்று கூகுள் சொல்கிறது.

64 கிலோபைட் மெமரிதான் உள்ள குட்டிச் சிப்பில் ஓடும் டாக் இயங்குதளமும் ரஸ்ட்டில்தான். வெளியார் எழுதும் கெர்னல் நீட்சிகளுக்கு அங்கே கேப்ஸ்யூல் என்று பெயர். அவற்றுக்குள் ரஸ்ட்டின் பாதுகாப்பற்ற பகுதிகளைப் பயன்படுத்தவே தடை. கூகுள் 2020-இல் திறந்துவிட்ட ஓப்பன்எஸ்கே பாதுகாப்புச் சாவி டாக்கின் மேல்தான் கட்டப்பட்டது. கலிஃபோர்னியா இர்வைன் பல்கலைக்கழகத்தின் ரெட்லீஃபில் ஒரு டிரைவர் விழுந்தால், அது வைத்திருந்ததை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி எழுப்பலாம், மற்றவை நிற்பதில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தீசியஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இயங்குதளத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டுகளை மாற்றுகிறது.

இவை எதுவும் பூட்டிய அலமாரிக்குள் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். சிங்குலாரிட்டியின் மூலநிரல் 2008-இல் ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டது. பிஸ்கட், டாக், ரெட்லீஃப், தீசியஸ் நான்கும் கிட்ஹப்பில் கிடக்கின்றன. விர்த் திருத்தி எழுதிய ஓபெரான் புத்தகம், பிராசஸர் வடிவமைப்பு உட்பட, இணையத்தில் இலவசம். அதன் எமுலேட்டர் சாதாரண உலாவியிலேயே ஓடுகிறது. கல்லூரியில் இயங்குதளப் பாடம் எடுத்திருக்கும் பிள்ளைகள் முதலில் அதைத் திறந்து, ஏதாவது ஒரு மூலையில் ஒரு மாட்யூல் பெயரையும் கட்டளைப் பெயரையும் எழுதி, அதன் மேல் நடுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிறகு அந்தக் கட்டளையின் மூலநிரலையும் அதே திரையில் திறந்து, ஒரு வரியை மாற்றி, மறுபடி கம்பைல் செய்யுங்கள்.